தொவுத்தாத்திஸ்: பெயரா, பதவியா?

ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இந்தச் சாமியைத் தெரிந்திருக்கும். கோசினியும் உதெர்சோவும் 1959-இல் தொடங்கிய அந்தப் பிரெஞ்சுச் சித்திரக்கதையில், அந்தக் கால்லிய ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் ஆச்சரியம் வந்தாலும் வாயில் அடிக்கடி வருவது ஒரு சத்தியம்: "தூத்தாத்திஸ் மேல் ஆணை!" பிரெஞ்சு உச்சரிப்பில் தூத்தாத்திஸ். பழைய கல்வெட்டுகளில் உள்ளபடி படித்தால் தொவுத்தாத்திஸ்.

காமிக்ஸைப் படிக்கிறவர் ஏதோ கால்லியர்களின் பெரிய கடவுள் போல, கிரேக்கர்களுக்கு ஜீயஸ் மாதிரி என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஆனா இந்தப் பெயரைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் கீழே ஒரு நல்ல கேள்வி கிடக்கிறது. இது ஒரு கடவுளின் பெயர்தானா? இல்லை, "நம்ம சாமி" என்று ஒவ்வொரு கூட்டமும் தன் தெய்வத்தைச் சொன்ன பொதுச்சொல்லை வெளியாள் ஒருவர் பெயர் என்று எழுதிவைத்துவிட்டாரா?

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

ஒரு கவிஞனின் மூன்று வரிகள்

கெல்ட்டியர்கள் தங்கள் கடவுள்களைப் பற்றித் தாங்களே புத்தகம் எழுதிவைக்கவில்லை. ட்ரூயிட் என்ற பூசாரி வர்க்கம் எல்லாவற்றையும் மனப்பாடமாகவே கற்பித்தது, எழுத்தில் வைப்பதை முறையல்ல என்று கருதியது என்று ஜூலியஸ் சீசர் எழுதுகிறார். அதனால் கால்லியா பற்றி நமக்குக் கிடைக்கும் தொடர்ச்சியான எழுத்து எல்லாம் கிரேக்கர், ரோமானியர் கையால் வந்தது. அதாவது, ஜெயித்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் எழுதியது.

சீசர் தன் கால்லியப் போர்க் குறிப்புகளின் ஆறாம் நூலில் அந்த மக்களின் கடவுள்களைப் பட்டியலிடுகிறார். மெர்க்குரியைத்தான் அதிகம் வணங்குகிறார்களாம். அதற்கடுத்து அப்போலோ, மார்ஸ், ஜூப்பிட்டர், மினெர்வா. எல்லாம் ரோமானியப் பெயர்கள்! உள்ளூர்ப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. வேற்றுநாட்டுச் சாமியைப் பார்த்ததும் "இது நம்ம மெர்க்குரிதான்" என்று மொழிபெயர்த்துவிடுவது ரோமானியர் வழக்கம். இந்த வழக்கத்துக்கு "ரோமானிய விளக்கம்" என்று பெயர் கொடுத்தவர் டாசிட்டஸ், கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியர் பற்றி எழுதிய நூலில்.

உள்ளூர்ப் பெயரோடு நம் சாமி எழுத்தில் வருவது லூக்கன் என்ற கவிஞரிடம். கி.பி. 39-இல் இன்றைய ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்தவர். தத்துவஞானி செனெக்காவின் சகோதரர் மகன். நீரோ மன்னனுக்கு எதிரான சதியில் மாட்டி, கி.பி. 65-இல், 25 வயதில், உயிரை விடும்படி கட்டளையிடப்பட்டவர். சீசருக்கும் பாம்பேக்கும் நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி அவர் எழுதிய காவியம் முடிக்கப்படாமலே நின்றுபோனது.

அதன் முதல் நூலில் ஒரு காட்சி. ரோமை நோக்கிப் படை நடத்துவதற்காகச் சீசர் கால்லியாவில் இருந்த தன் படைகளைத் திரும்ப அழைக்கிறார். படை விலகியதும் எந்தெந்தக் குடிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன என்று கவிஞர் அடுக்கிக்கொண்டே போகிறார். அந்தப் பட்டியலில்தான், கொடூரமான இரத்தப்பலி கொடுத்து தெவுத்தாத்தெஸ், எசுஸ், தரானிஸ் என்ற மூவரையும் சாந்தப்படுத்துகிறவர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சொல்கிறார். மூன்றே வரிகள்.

இந்த மூன்று வரிகளிலிருந்து பிற்காலத்தில் "கெல்ட்டிய மும்மூர்த்திகள்" என்ற ஒரு கட்டடமே எழுப்பப்பட்டது. ஆனா லூக்கன் இவர்களை மும்மூர்த்திகள் என்றோ, தலைமைக் கடவுள்கள் என்றோ எங்கேயும் சொல்லவில்லை. அவர் கால்லியாவில் ஊர் ஊராகச் சுற்றி விவரம் திரட்டியவரும் இல்லை. தான் பாடும் காலத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் இருந்து எழுதிய கவிஞர். ரோமானிய வாசகரின் முதுகுத்தண்டு சில்லிட வேண்டும், அதற்கு ஓசை கனமான மூன்று அந்நியப் பெயர்கள் வேண்டும். அவ்வளவுதான் அந்த இடத்தின் தேவை.

உரையாசிரியரின் அண்டா

கவிதை வந்தால் உரை வரும். லூக்கனின் காவியம் இடைக்காலப் பள்ளிகளில் பாடமாக இருந்ததால் அதற்கு விளக்கக் குறிப்புகள் நிறைய சேர்ந்தன. அவற்றில் புகழ்பெற்றது ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள ஒரு சுவடி. கி.பி. 10-ஆம் நூற்றாண்டை ஒட்டிய பிரதி. அதை ஹெர்மான் ஊசெனர் 1869-இல் பதிப்பித்தார்.

மூன்று கடவுள்களுக்கும் எப்படிப் பலி கொடுப்பார்கள் என்று அந்த உரை விவரிக்கிறது. எசுஸுக்கு மரத்தில் தொங்கவிடுவது. தரானிஸுக்கு மரப்பாத்திரத்தில் வைத்து எரிப்பது. தெவுத்தாத்தெஸுக்கு? நிரம்பிய அண்டாவில் ஆளைத் தலைகீழாக அமிழ்த்தி மூச்சடைக்க வைப்பது. இணையத்தில் இந்தச் சாமியைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்த அண்டாக் கதைதான்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. அதே உரை தெவுத்தாத்தெஸ் என்றால் மெர்க்குரி என்று முதலில் சொல்கிறது. பிறகு, வேறு நூல்களில் வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தெவுத்தாத்தெஸ்தான் மார்ஸ், வணிகர்கள் வழிபடுவதால் எசுஸ்தான் மெர்க்குரி என்கிறது. ஒரே சுவடியில், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு அடையாளங்கள். ஆக, உரையாசிரியர்கள் கையில் இருந்தது நேரடி அறிவு அல்ல, பல இடத்திலிருந்து சேர்த்த குறிப்புகள். அவற்றில் உண்மையான பழைய செய்தியும் இருக்கலாம், யூகமும் இருக்கலாம். பிரித்தெடுக்க அந்தச் சுவடியே நமக்கு வழி தருவதில்லை.

இந்த அண்டாவுக்குச் சாட்சியாக வழக்கமாகக் காட்டப்படுவது குண்டெஸ்ட்ரூப் கொப்பரை. 1891-இல் டென்மார்க்கில் ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறக்குறைய 9 கிலோ எடையுள்ள வெள்ளிக் கொப்பரை. இப்போது கோப்பன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உள்தகடு ஒன்றில், மற்றவர்களைவிடப் பல மடங்கு பெரிய உருவம் ஒன்று ஒரு மனிதனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு பாத்திரத்துக்குள் இறக்குகிறது. அப்படியே உரையாசிரியர் சொன்ன காட்சி!

ஆனா அதே தகட்டில் கீழ்வரிசையில் காலாட்கள் அந்தப் பாத்திரத்தை நோக்கி வரிசையாக வருகிறார்கள். மேல்வரிசையில் குதிரைவீரர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். வேல்ஸ் நாட்டு மபினோகி கதைகளில், செத்த வீரர்களைப் போட்டால் மறுநாள் உயிரோடு எழுப்பிவிடும் கொப்பரை ஒன்று வருகிறது. அதை வைத்துப் பார்த்தால் இது கொலை இல்லை, உயிர்ப்பித்தல். காலாளாகச் செத்தவன் குதிரைவீரனாக எழுந்து போகிறான் என்று படிக்கலாம். ஒரே படம், எதிர்எதிரான இரண்டு அர்த்தம். போதாததற்கு, அந்தக் கொப்பரையின் வெள்ளி வேலைப்பாட்டை டென்மார்க்கோடு அல்ல, தென்கிழக்கு ஐரோப்பாவின் திரேசியப் பகுதியோடுதான் பலரும் இணைக்கிறார்கள். படத்தில் உள்ள பெரிய உருவத்தின் பக்கத்தில் பெயரும் எழுதியில்லை.

சரி, இலக்கியமும் ஓவியமும் இந்த அளவுக்குத்தான் கொண்டுபோகும். பெயரையே உடைத்துப் பார்ப்போம்.

ஒரே கல்லில் இரண்டு சாவிகள்

தெற்கு பிரான்சின் வேசோன் ஊரில் 1840-இல் ஒரு கல் கிடைத்தது. இப்போது அவிஞோன் நகரின் கால்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொழி கால்லியம், எழுத்து கிரேக்கம். மத்தியதரைக்கடல் ஓரத்துக் கால்லியர்கள் தங்கள் மொழியை எழுத, மார்செய் கிரேக்கர்களிடமிருந்து எழுத்தைக் கடன் வாங்கியிருந்தார்கள்.

கல் சொல்லும் செய்தி எளிமையானது. வில்லோனோஸ் மகன் செகோமரோஸ், நீம் ஊர்க் குடிமகன், பெலெசாமா தெய்வத்துக்கு இந்தப் புனித இடத்தை அர்ப்பணித்தான். இதில் "குடிமகன்" என்ற பொருளில் வரும் சொல் "தொவுத்தியுஸ்". "நீம் ஊரைச் சேர்ந்த" என்பதற்கு வரும் சொல் "நமவ்சாத்திஸ்".

இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சொல்லின் அடி "தொவுத்தா". குடி, மக்கள் கூட்டம், இனக்குழு என்று பொருள். இரண்டாவது சொல்லின் கடைசியில் இருக்கும் "-ஆத்திஸ்" என்பது "இன்ன இடத்தைச் சேர்ந்த, இன்னாருக்குரிய" என்று காட்டும் விகுதி. நமவ்சோஸ் என்ற நீம் ஊரைச் சேர்ந்தவன் நமவ்சாத்திஸ். அப்படின்னா தொவுத்தாவைச் சேர்ந்தவன்?

தொவுத்தாத்திஸ். குடிக்குரியவன், குடிச்சாமி.

அந்தக் கல்லில் தெய்வத்தின் பெயர் இல்லை. ஆனா அந்தப் பெயரின் இரண்டு பாதிகளும், ஒரு சாதாரண மனிதன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வாக்கியத்தில் அன்றாடச் சொற்களாகக் கிடக்கின்றன. ஒரு கால்லியன் காதில் இந்தப் பெயர் புரியாத மந்திரமாக விழுந்திருக்காது. பச்சையாக அர்த்தம் புரிந்திருக்கும்.

இன்னொரு விளக்கமும் உண்டு. "தெவுத்தோ-தாத்திஸ்", அதாவது "குடியின் தந்தை" என்று இருந்து, அடுத்தடுத்து வரும் ஒத்த ஒலிகளில் ஒன்று உதிர்ந்து சுருங்கியது என்பது அது. எதை ஏற்றாலும் முதல் பாதி மாறுவதில்லை. குடி என்ற சொல்லில்தான் இந்தச் சாமி நிற்கிறது.

எழுத்து வேறுபாடுகளுக்கும் குழப்பம் தேவையில்லை. லூக்கனிடம் தெவுத்தாத்தெஸ். கல்வெட்டுகளில் தொவுத்தாத்திஸ். பின்னால் தோத்தாத்திஸ். கெல்ட்டிய மொழிகளில் பழைய "எவு" ஒலி "ஒவு" ஆனது, பிறகு நீண்ட "ஓ" ஆனது. தெவு, தொவு, தோ. ஒரே சொல் காலத்தில் உருண்டு வந்த தடம். லூக்கனிடம் இருப்பது அவற்றில் பழைய வடிவம்.

சொல்லின் சொந்தக்காரர்கள்

இந்த "தெவுத்தா" கெல்ட்டியர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மேற்குக் கிளைகள் பலவற்றில் இது இருக்கிறது. பழைய ஐரிஷில் தூவா, வெல்ஷில் தீட், லிதுவேனியத்திலும் லாத்வியத்திலும் தௌதா. இத்தாலியின் பழைய ஓஸ்கன் மொழியில் தொவுத்தோ. அம்ப்ரியனில் தோத்தா. இகுவியம் நகரின் வெண்கலச் சடங்குப் பலகைகளில் "இகுவியத்து மக்கள்" என்று சொல்ல இந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

கோதிக் மொழியில் இது "தியுதா". அதே வேரிலிருந்து வந்த சொல்தான் இன்றைய "டாய்ட்ச்". ஜெர்மானியர் தங்கள் மொழிக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். முதலில் அது ஒரு நாட்டின் பெயரே இல்லை. லத்தீன் என்பது சர்ச்சின் மொழி, மற்றது "மக்கள் பேசுவது". கி.பி. 786-இல் இங்கிலாந்தில் நடந்த திருச்சபைக் கூட்டம் பற்றிய அறிக்கையில், தீர்மானங்கள் லத்தீனிலும் மக்கள் மொழியிலும் வாசிக்கப்பட்டன என்று சொல்லும் இடத்தில் இச்சொல்லின் லத்தீன் வடிவம் வருகிறது. அங்கே குறிக்கப்படுவது ஜெர்மன் அல்ல, பழைய ஆங்கிலம்! ஆங்கிலத்தில் நெதர்லாந்துக்காரர்களைக் குறிக்கும் "டச்சு" என்பதும் இதே சொல்தான்.

இந்த உறவு தெரிந்தால் பழைய தப்பு ஒன்றும் புரியும். 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பழமை ஆர்வலர்கள் பலர் தெவுத்தாத்தெஸை எகிப்தின் தோத் கடவுளோடு முடிச்சுப் போட்டார்கள். இரண்டு பேரையும் மெர்க்குரி என்று சொல்லியிருக்கிறார்கள், பெயரும் கேட்க ஒரே மாதிரி இருக்கிறது, போதாதா? போதாது. ஒலி ஒத்துப்போவது வேறு, வேர் ஒத்துப்போவது வேறு. தோத் எகிப்திய மொழிப் பெயர், தொவுத்தா இந்தோ-ஐரோப்பியச் சொல். இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

யார் கும்பிட்டார்கள்?

இப்போது கவிஞர்களை விட்டுவிட்டு, காசு செலவழித்துக் கும்பிட்டவர்களிடம் போவோம். தொவுத்தாத்திஸ் பெயர் உள்ள கல்வெட்டுகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆனா ஒவ்வொன்றும் பேசுகிறது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், பார்க்வே என்ற ஊரின் காட்டுப்பகுதியில், 1740-களில் வெள்ளித் தகடுகள் கொஞ்சம் கிடைத்தன. இலை வடிவில் செய்து கோயிலில் காணிக்கையாக வைப்பவை. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றில், அத்தியஸிடமிருந்து விடுதலை பெற்ற அடிமையான திபெரியஸ் க்ளாவ்தியஸ் ப்ரீமுஸ், மார்ஸ் தொவுத்தாத்திஸுக்குத் தன் நேர்த்திக்கடனை மனமுவந்து தகுந்தபடி செலுத்தினான் என்று இருக்கிறது. பக்கத்திலேயே கிடைத்த இன்னொரு தகடு மார்ஸ் அலாத்தோருக்கு. ஒரே இடம், ஒரே மார்ஸ், இரண்டு உள்ளூர் அடைமொழி.

வடக்கே கம்ப்ரியாவில் ஓல்டு கார்லைல் என்ற ரோமானியக் கோட்டைப் பகுதியில், சிதைந்துபோன ஒரு கல்வெட்டு. அதில் தொவுத்தாத்திஸும், அந்த எல்லைப்பகுதியில் வீரர்கள் வணங்கிய கொகீதியுஸ் என்ற தெய்வமும் மார்ஸோடு சேர்ந்து வருகிறார்கள். ரோம் நகரிலேயே ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பெத்திகானுஸ் ப்ளாகிதுஸ் என்பவர் வருடாந்திர நேர்த்தி செலுத்தியது. அங்கே தொவுத்தாத்திஸோடு இன்னொரு அடைமொழியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆஸ்திரியக் கல்வெட்டு. அன்று அது நோரிக்கம் என்ற மாகாணம். அந்தக் கல்லில் தெய்வத்தின் பெயர் ஒரு சரம் மாதிரி நீள்கிறது: மார்ஸ், லதோபியுஸ், ஹர்மோகியுஸ், தொவுத்தாத்திஸ், சினாத்திஸ், மொகெத்தியுஸ். லதோபியுஸ் என்பது அந்தப் பகுதியின் தெய்வம். லதோபிகி என்ற குடியின் பெயரோடு நேராகத் தொடர்புடையது. அந்தக் குடியின் நினைவு இன்றைய ஸ்லோவேனியாவில் இருந்த ஒரு ரோமானிய ஊரின் பெயரிலும் உண்டு.

இந்தச் சரத்தை மெதுவாகப் படித்தால் நம் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடுகிறது. மார்ஸ் என்பது ரோமானியர் புரிந்துகொள்ள. லதோபியுஸ் என்பது சொந்தப் பெயர். அப்படியானால் தொவுத்தாத்திஸ்? அந்தச் சாமி வகிக்கும் இடம். குடியின் காவலன் என்ற பட்டம். அலுவலகத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு "மேனேஜர்" என்று சேர்ப்பது போல.

இன்னொரு சாட்சி ஜெர்மனியின் வீஸ்பாடனில். அங்கே அப்போலோவுக்கு "தொவுத்தியோரிக்ஸ்", அதாவது குடியின் அரசன் என்று பட்டம். அதே வேர், வேறு கடவுள். குடியைக் காக்கும் பொறுப்பு ஓர் ஊரில் மார்ஸ் கையில், இன்னோர் ஊரில் அப்போலோ கையில். பெர்ன் சுவடியின் உரையாசிரியர்கள் மெர்க்குரியா, மார்ஸா என்று அடித்துக்கொண்டதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். கேள்வியே ஒருமையில் கேட்கப்பட்டது. பதில் பன்மையில் இருந்தது.

எத்தனை குடிகள் இருந்தன என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். லியோன் நகரில் அகஸ்டஸுக்காகக் கால்லியக் குடிகள் சேர்ந்து அமைத்த பலிபீடத்தில் 60 குடிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். அறுபதில் ஒவ்வொன்றும் தன் சாமியைத் "தொவுத்தாத்திஸ்" என்று சொல்லியிருந்தால், வெளியிலிருந்து வந்த ரோமானியன் காதில் விழுவது ஒரே பெயர்தான்.

மூன்றெழுத்து மோதிரங்கள்

கேள்வியின் மறுபாதிக்கு பதில் வந்தது கோயிலிலிருந்து அல்ல, உழவு நிலங்களிலிருந்து. கிழக்கு இங்கிலாந்தில், முக்கியமாக லிங்கன்ஷயரில், மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுகிறவர்கள் கையில் ரோமானியர் கால மோதிரங்கள் கிடைக்க ஆரம்பித்தன. பெரும்பாலும் வெள்ளி. முகப்பில் மூன்றே எழுத்து: டி, ஓ, டி. வாசித்தால் "தோத்".

1997 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்ய ஓர் அரசுத் திட்டம் நடக்கிறது. அந்தப் பதிவுகள் சேரச் சேரத்தான் இது ஏதோ ஒருவரின் பெயர்ச்சுருக்கம் இல்லை என்று தெரிந்தது. 60-க்கும் மேற்பட்ட மோதிரங்கள். 2005-இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹாக்லிஃப் ஊரில் கிடைத்த வெள்ளி மோதிரம் ஒன்று சந்தேகத்தைத் தீர்த்தது. அதில் "தேயோ தோத்தா" என்று இன்னும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தது. "தோத்தா… கடவுளுக்கு". கூடவே, அணிபவருக்கு நலம் உண்டாகட்டும் என்ற வாழ்த்து.

ஆய்வாளர் ஆடம் டாப்னி இந்த மோதிரங்கள் கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புள்ளிகள் பிரிட்டன் முழுக்கச் சிதறவில்லை. கொரியெல்தவுவி என்ற குடியின் நிலப்பரப்பில் குவிந்து கிடந்தன.

இந்தக் குடியின் பெயருக்கே ஒரு கதை உண்டு. நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இவர்கள் "கொரித்தானி". பழைய புவியியல் ஏடுகளைப் பிரதி எடுத்தவர்கள் வழியே அப்படித்தான் வந்திருந்தது. யாரோ ஒருவர் ஈர ஓட்டில் கிறுக்கிய எழுத்து 1983-இல் படித்து வெளியிடப்பட்ட பிறகுதான் கொரியெல்தவுவி என்ற சரியான வடிவம் உறுதியானது. மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட பெயர் ஓட்டில் இருந்தது, ஏட்டில் இல்லை.

மோதிரங்கள் கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது ரோம் பிரிட்டனுக்குள் வந்து நூறு, நூற்றைம்பது வருஷம் ஆன பிறகு. சாலை வந்துவிட்டது, லத்தீன் வந்துவிட்டது, மோதிரத்தில் உள்ள எழுத்தும் லத்தீன் எழுத்துதான். குடிகள் எல்லாம் ரோமானிய நிர்வாக வட்டங்களாகிவிட்டன. அந்த நேரத்தில் ஒரு வட்டாரத்து மக்கள் "குடிச்சாமி" என்ற சொல்லைச் சுருக்கி விரலில் போட்டுக்கொள்கிறார்கள். ஊரறிந்த சாமிக்கு முழுப்பெயர் எழுத வேண்டியதில்லை. மூன்றெழுத்து போதும், நம்ம ஆளுக்குப் புரியும்.

கெல்ட்டிய உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரே பெரிய கடவுள் என்றால் மோதிரங்கள் எல்லா இடத்திலும் பரவியிருக்க வேண்டும். ஒரே குடியின் எல்லைக்குள் இப்படிக் குவியக் காரணம் இல்லை. பெயர் பல நாடுகளில் கேட்கிறது, வழிபாடு மட்டும் அந்தந்த வட்டாரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கணக்கில் இது பட்டம் என்ற பக்கத்துக்கே தராசைச் சாய்க்கிறது.

பெயர் சொல்லாத சத்தியம்

ரோம் ஆளாத அயர்லாந்தில் தொவுத்தாத்திஸ் என்ற பெயர் கிடைப்பதில்லை. ஆனா அதன் வேர்ச்சொல் அங்கே கடைசிவரை உயிரோடு இருந்தது. இடைக்கால அயர்லாந்தில் "தூவா" என்றால் தனி அரசன் உள்ள ஒரு சிறு நாடு. ஒரு சாதாரண மனிதனின் சட்ட உரிமை தன் தூவாவின் எல்லையோடு முடிந்தது. தாண்டினால் அவன் அந்நியன். அவனுக்கு ஒன்று நடந்தால் கேட்க நாதியில்லை. புலவர்கள் மாதிரி சில பிரிவினருக்குத்தான் எல்லை தாண்டியும் மதிப்பு. குடி என்பது வெறும் உணர்வு இல்லை, உயிருக்கும் உடைமைக்கும் உத்தரவாதம் என்பது இதில் தெரிகிறது.

அல்ஸ்டர் வீரர்களைப் பற்றிய பழைய ஐரிஷ் கதைகளில் ஒரு சத்திய வாசகம் திரும்பத் திரும்ப வரும். என் குடி எந்தக் கடவுள் மேல் சத்தியம் செய்கிறதோ அந்தக் கடவுள் மேல் நானும் சத்தியம் செய்கிறேன் என்பது அதன் பொருள். கடவுளின் பெயர் கிடையாது. குடி என்ற சொல் மட்டும் உண்டு. கதையை எழுதிவைத்த கிறிஸ்தவத் துறவிகள் பழமைத் தோற்றத்துக்காக உண்டாக்கிய வாசகம் இது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், பழங்காலச் சத்தியம் எப்படி ஒலிக்கும் என்று கற்பனை செய்தபோது அவர்களுக்குத் தோன்றியது "குடியின் கடவுள்" என்ற வடிவம்தான். வெளியாளுக்குப் பெயர் தேவைப்படும். உள்ளே இருப்பவனுக்கு "நம்ம சாமி" போதும்.

கடைசியாக

1989 ஜனவரி 4-ஆம் தேதி பிரான்சின் கோசோல் ஆய்வுநிலையத்தில் கிறிஸ்தியான் போல்லாஸ் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். பூமியின் பாதைக்குப் பக்கத்தில் வந்துபோகும் கோள். 4179 தூத்தாத்திஸ் என்று பெயர் வைத்தார்கள். வானம் தலையில் விழுந்துவிடும் என்பதைத் தவிர வேறு எதற்கும் பயப்படாத ஆஸ்டெரிக்ஸ் ஊர்க்காரர்களை நினைத்து வைத்த பெயர். 2004 செப்டம்பரில் அது சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் பூமியைக் கடந்தது. 2012-இல் சீனாவின் சாங்-அ 2 விண்கலம் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது.

இப்படி இந்தப் பெயர் காமிக்ஸுக்கும் வானத்துக்கும் போய்விட்டது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த குடிகள்தான் இல்லை. லூக்கன் அதைப் பயமுறுத்தும் பெயராகக் கேட்டார், உரையாசிரியர் அண்டாவில் அமிழ்த்தினார், நாம் அதைக் கடவுள் பட்டியலில் ஒரு வரிசை எண்ணாக வைத்திருக்கிறோம். லிங்கன்ஷயர் வயலில் மோதிரத்தைத் தொலைத்தவருக்கு அது இதில் எதுவும் இல்லை. அவருக்கு அது "எங்களுடையது" என்று அர்த்தம் தந்த ஒரு சொல்.

பார்க்வே தகட்டைச் செய்துவைத்த ப்ரீமுஸைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஒருகாலத்தில் இன்னொருவரின் உடைமையாக இருந்தவர். அடிமைக்குச் சட்டப்படி குடும்பமும் இல்லை, குடியும் இல்லை. விடுதலை கிடைத்து, ரோமானிய முறையில் மூன்று பாகப் பெயரும் வந்த பிறகு, வெள்ளி வாங்கி, எழுத்து பொறித்து, நேர்த்தி செலுத்தினார். அந்தக் காணிக்கையை அவர் வைத்தது "குடிக்குரியவன்" என்ற பெயருள்ள கடவுளின் முன்னால்.